ஒரு மனிசன் ஈந்தாரு

கண்டிக்கு வியாபாரமாக வருகிறவர்கள் கறுப்புக் குடை கொண்டுவரக் கூடாது என்பது நானாவின் கட்சி. மத்தியானம் தாண்டினால் மழை கொட்டுகிற ஊருக்குக் குடையில்லாமல் எப்படி வருவது என்று கேட்டால், "குடை கொண்டு வாங்க. கறுப்புக் குடைய அப்படியே கொண்டுவர வாணாம். பிடியில ஒரு செவத்தத் துணியக் கட்டிக்கொண்டு வாங்க" என்பார். ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. கேட்காமலே அடுத்த வரி வரும்.

"ஒரு மனிசன் ஈந்தாரு."

ஈந்தாரு என்றால் இருந்தார். கண்டி முஸ்லிம்களின் பேச்சில் அப்படித்தான். அந்த மனிதர் ஒரு கடைக்குப் போனாராம். எல்லோரும் செய்வதுபோல வாசலில் இருந்த தகரப் பீப்பாயில் குடையைப் போட்டுவிட்டு உள்ளே போய் விலை பேசினாராம். பேச்சு நன்றாக முடிந்த சந்தோஷத்தில் வெளியே வந்து கைக்குக் கிடைத்த குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அது கடைக்காரருடைய சம்பந்தியின் குடை. சம்பந்தி கல்யாணப் பேச்சுக்குப் போகப் புறப்பட்டவர். அவர் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்து, தும்மித் தும்மிக் கல்யாணம் பேசினாராம்.

"பேசின ஆர்டர் என்ன ஆச்சு நானா?"

"குடையோட பொய்த்து" என்பார் நானா. போய்விட்டது என்று அர்த்தம்.

நானாவின் பெயர் எனக்குத் தெரியாது. கண்டி ரயில் நிலையத்திலிருந்து சந்தைக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் அவருடைய வீடு இருந்தது. கீழே அவர் குடும்பம், மேலே வெளியூர் வியாபாரிகள் தங்குவதற்கு நாலைந்து அறைகள். வாசல் பலகையில் அவருடைய தகப்பனார் பெயர்தான் எழுதியிருந்தது. சின்னவர், பெரியவர், தமிழர், சிங்களவர், எல்லோருக்கும் அவர் நானா. முஸ்லிம்கள் அண்ணனை அப்படிக் கூப்பிடுவார்கள். பெரிய உடம்பு. கட்டம் போட்ட சாரமும் கைவைத்த பனியனும்தான் உடுப்பு. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகும்போது மட்டும் வெள்ளைச் சட்டையும் துருக்கித் தொப்பியும் ஏறும். பள்ளிவாசலும் சந்தையும்தான் அவர் போகிற தூரம். பஸ் என்றால் அவருக்குத் தலை சுற்றும். கம்பளை பக்கத்து ஊர்தான், அதைக்கூட அவர் நேரில் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் கம்பளையில் எந்தக் கடைக்காரர் காலையில் சிடுசிடுப்பார், எவர் சாப்பிட்ட பிறகு சிடுசிடுப்பார் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. மதுரையில் ஒரு ஜவுளி முதலாளியிடம் வேலை. சிலோன் தோட்டப்பக்கத்துக் கடைகளில் நம் ஊர்ச் சுங்குடிச் சேலைக்கும் கெட்டிச் சாயத் துணிக்கும் நல்ல கிராக்கி இருந்த காலம் அது. வழக்கமாகப் போகிறவருக்கு உடம்புக்கு முடியாமல் போனதால், கணக்கெழுதிக்கொண்டிருந்த என்னை அனுப்பினார்கள். "ஒரு ஆர்டராவது கொண்டு வந்தா இனிமே சிலோன் உனக்கு. வெறுங்கையோட வந்தா பழையபடி கணக்குப்பிள்ளைக்குப் பக்கத்துல உக்காந்துக்க" என்றார் முதலாளி. எனக்குப் பழையபடி உட்காருவதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் நான் கூச்சக்காரன் என்பதால்தான் அப்படிச் சொல்கிறார் என்று கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கப்பல் ஏற்றியது.

நானாவின் வீட்டில் மாலைத் தேத்தண்ணி, நம் ஊர் டீ, ஒரு சபை. மழை பிடித்ததும் வெளியே போன வியாபாரிகள் ஒவ்வொருவராக நனைந்து திரும்புவார்கள். கீழ்த்தளத்தில் நீண்ட மேசை, சுற்றிலும் நாற்காலிகள். சமையலறை வாசலில் ஒரு பூப்போட்ட திரை. திரைக்குப் பின்னால் நானாவின் மனைவி இருப்பார். அவரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. குரலை மட்டும் தெரியும். நானா சொல்கிற கதைகளில் எங்கே உப்பு அதிகம் என்று உடனுக்குடன் சொல்கிற குரல் அது.

"தோட்டத்துப் பாதையில போனா சவர்க்காரக் கட்டிய நனைச்சு நல்லாக் கால்ல பூசிக்கொண்டு போங்க. ரத்தம் குடிக்கிற அட்டை ஏறாது. ஒரு மனிசன் ஈந்தாரு. சவர்க்காரம் பூசாமப் போனாரு. திரும்பி வந்து காலுறையக் கழட்டினா அம்பது அட்டை."

"போன கிழம இருவதுன்னு சென்னீங்க" என்றது திரை.

"மிச்சம் முப்பதும் மத்தக் கால்ல" என்றார் நானா.

இந்த மனிதர் யார் என்று அங்கே தங்கியவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து சுருட்டு வியாபாரத்துக்கு வருகிற ஒருவர் என் பக்கத்து அறை. அவர்தான் நானாவைச் சீண்டுவார். "அந்த மனுசன் எத்தினை தரம்தான் கண்டிக்கு வந்தவர் நானா? குடையைத் துலைச்சதும் அவர், அட்டை கடிச்சதும் அவர். உந்த ஆளைப் பிடிச்சுக் கட்டி வைச்சிருக்கலாமே!" என்பார். நானா அவர் கோப்பையில் தேத்தண்ணியை இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். நானாவேதான் அந்த மனிதர், இளவயதில் பட்டதையெல்லாம் வேறு ஆள் தலையில் போட்டுச் சொல்கிறார் என்பது சுருட்டுக்காரரின் அபிப்பிராயம். குடைக் கதை வரும்போதெல்லாம் அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார்.

நான் சைவம். அது தெரிந்த அன்றே நானா என்னைக் கூட்டிக்கொண்டு போய், சந்து முனையில் இருந்த சைவக் கடையில் விட்டு, "இவருக்கு நல்ல குழம்பா ஊத்துங்க, வெக்கப்பட்டு ரெண்டாம் தரம் கேக்கமாட்டாரு" என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து ஒரு மணி நேரத்துக்குள் என் கூச்சத்தைக் கண்டுபிடித்தவர் அவர்.

அந்தக் கூச்சத்துக்கு நானே ஒரு மருந்து கொண்டுபோயிருந்தேன். மதுரையில் பழைய துணி விற்பவரிடம் வாங்கிய காக்கிக் கோட். பித்தளைப் பொத்தான். அதைப் போட்டுக்கொண்டால் முதுகு தானாக நிமிரும். கண்ணாடியில் பார்த்தால் பேசத் தெரிந்த ஆள் மாதிரி இருப்பேன். மலைத்தோட்டப் பக்கத்து ஊரான கலஹாவுக்குப் புறப்பட்ட அன்று காலையில் அதைப் போட்டுக்கொண்டு மாதிரிப் பெட்டியோடு படியிறங்கினேன். நானா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதப் போட்டுக்கொண்டு கலஹாவுக்குப் போக வாணாம்."

"ஏன் நானா? அங்க குளிரும்னாங்களே. இதுக்கும் ஒரு மனிசன் இருந்தாரா?"

நானா யோசித்தார். "இதுக்கு இன்னும் ஒரு மனிசனும் இல்ல. ஆனா எனக்குச் சரியாப் படல்ல."

கதையில்லாத புத்திமதி எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. போய்விட்டேன்.

பேராதனை தாண்டி மலையேறுகிற வரைக்கும் பஸ்ஸில் நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கலஹாவில் இறங்கி முதல் கடை வாசலில் நின்றேன். "வணக்கம்" என்று சொல்ல வேண்டும். வரவில்லை. உள்ளே மூட்டைகளையும் அலுமாரியையும் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைக்காரர் எழுந்து நின்றார். அவர் எழுந்ததும் எனக்கு இன்னும் வாய் அடைத்துவிட்டது. அடுத்த கடைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நகர்ந்தேன். அங்கேயும் வாசலில் நின்று, உள்ளே பார்த்து, வாய் வராமல் அடுத்த கடை. நான் நாலாவது கடைக்கு வரும்போது ஐந்தாவது கடையில் பலகை போட்டு அடைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் நான் தாண்டி வந்த கடைகளும் அடைப்பு. தெருவில் ஒரு நாயும் நானும் மட்டும். பின்பக்கம் ஓடையில் என்னவோ 'தொப் தொப்' என்று விழுகிற சத்தம் கேட்டது.

அடுத்த பஸ்ஸில் ஏறுகிற வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் ரொம்பப் பணிவாக, "தொரை, சுகாதாரத்துல இருந்துங்களா வந்திருக்கீங்க? எங்க லயத்து வீடுங்க பக்கமும் வந்து பாக்கணும்ங்க" என்றபோதுதான் என் கோட் என்னைச் சுகாதார இன்ஸ்பெக்டர் ஆக்கியிருந்தது விளங்கியது.

அன்று நானாவிடம் மட்டும் சொன்னேன். மாடிப்படியின் அடியில் நிறுத்தி, யாரும் வருவதற்கு முன்னால், குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திரைக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது; பிறகு யாரோ வாயில் துணியை அடைத்துக்கொண்டு இருமுவது போலச் சத்தம் வந்தது. நானா திரையைப் பார்த்து முறைத்தார்.

"கோட்டத் தாங்க" என்றார். வாங்கிக் கொண்டுபோய்த் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். "நாளைக்குப் போக வாணாம். சனம் பயம் தெளியட்டும். பொறவு வெறும் சட்டையோட போங்க. முதக் கடையில தேத்தண்ணி குடிக்கிறீங்களான்னு கேப்பாங்க. ஓம்னு தலைய மட்டும் ஆட்டுங்க. மத்தத அவங்க பேசுவாங்க."

அப்படியே செய்தேன். அதே முதல் கடை, அதே கடைக்காரர். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். அவருக்கு என்னைச் சுத்தமாக அடையாளம் தெரியவில்லை. தேத்தண்ணி வந்தது. தலையை ஆட்டினேன்.

"நல்ல வேளை, அன்னைக்கு நீங்க வரல" என்று அவரே ஆரம்பித்தார். "காக்கிக் கோட்டுப் போட்டுக்கிட்டு ஒரு ஆபீசர் வந்தான் பாருங்க. வாயத் தொறக்கல. நின்னு மொறைச்சான். அந்த மாதிரி ஒரு கடுவன நான் பாத்ததே இல்ல. ஒரு மூட்ட கருவாட்ட ஓடையில தள்ளிவிட்டோம். நல்ல கருவாடுங்க! அவன் மட்டும் இப்ப என் கையில கெடைக்கணும்…"

நான் தலையை ஆட்டினேன். அவருடைய கோபத்தை இவ்வளவு பொறுமையாகக் கேட்டவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. பெட்டியைத் திறக்கச் சொன்னார். சிவப்பிலும் மஞ்சளிலும் சேலைகளைப் பார்த்தார். தீபாவளிக்கு வேண்டியது எல்லாவற்றையும் அன்றே சொல்லிவிட்டார். அந்த ஆர்டரோடு நான் மதுரைக்குத் திரும்பினேன். சிலோன் எனக்கு என்றாயிற்று.

அடுத்த வருஷம் நான் தனியாக வரவில்லை. முதலாளியின் மைத்துனர் கூட வந்தார். கடையில் அவரைச் சின்ன மொதலாளி என்போம். சிலோன் வியாபாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று அவருக்கு ஆசை. அதற்கு என்மேல் ஏதாவது ஒரு குறை அகப்பட வேண்டும். தனுஷ்கோடியில் கப்பல் ஏறியதிலிருந்து அதைத் தேடிக்கொண்டே வந்தார். "நீ கடைக்காரங்ககிட்ட பேசுறியா, இல்ல அவங்க முகத்தப் பாத்துக்கிட்டே நிக்கிறியா?" என்று நடுக்கடலில் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கண்டியில் இறங்கும்போது அவர் கறுப்புக் கோட்டும் அதில் கடிகாரச் சங்கிலியுமாக இருந்தார். மழை நேரம். நேரே நானாவின் மேசைக்கு வந்து உட்கார்ந்தோம். சுருட்டுக்காரரும் இருந்தார். நாளைக்கு முதல் வேலையாகக் கலஹா போவதாகச் சின்ன மொதலாளி சொன்னார்.

நானா கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அவருக்குச் சங்கடம் என்று எனக்குத் தெரிந்தது. கோட்டோடு கலஹாவுக்குப் போகிற ஒருவரிடம் சொல்லாமல் விட அவரால் முடியாது. அது அவர் குணம். தேத்தண்ணியை ஊற்றினார். கடைசியில் வந்துவிட்டது.

"ஒரு மனிசன் ஈந்தாரு."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். நானா முழுவதையும் சொன்னார். காக்கிக் கோட், பித்தளைப் பொத்தான், ஒவ்வொரு கடையாக அடைத்தது, ஓடையில் கருவாடு. என்னிடமிருந்து கேட்டதைவிட நன்றாகவே இருந்தது. சுருட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சின்ன மொதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

"கலஹாவுல முதல் கடைன்னா, கருவாட்டத் தள்ளினது நம்ம வாடிக்கைக்காரரு மாதிரி இருக்கே. யாரு அந்த ஆளு?"

"ஒரு மனிசன்" என்றார் நானா.

"எந்த ஊரு? எந்தக் கம்பெனி? தெரிஞ்சா நாளைக்கே அந்தக் கடைக்காரர்கிட்ட சொல்லி வைப்பேன். நமக்கும் நல்ல பேராகும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "போன வருசம் நீ இங்கதானே இருந்த? ஒனக்குத் தெரியாம இருக்காதே. ஏன் ஒனக்கு இப்பிடி வேர்க்குது?"

நான் வாயைத் திறந்தேன். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. சுருட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அவருக்கு விளங்கிவிட்டது.

"நான்தான்" என்றார் நானா.

"என்ன?"

"அந்த மனிசன் நான்தான். தேங்காய் வெல பாக்கப் போனேன். குளிருமேன்னு கோட்டப் போட்டுக்கொண்டு போனேன்."

சின்ன மொதலாளி நானாவை மேலிருந்து கீழே பார்த்தார். பனியன், சாரம், வயிறு. நம்பவில்லை. "நீங்களா? காக்கிக் கோட்டா?"

நானா எழுந்தார். அலுமாரியைத் திறந்து என்னுடைய கோட்டை எடுத்தார். போட்டுக்கொள்ளத் தொடங்கினார். வலது கை முழங்கைவரை போனது. இடது கையை நுழைக்க அவர் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. முதுகுத் தையல் 'பர்ர்' என்றது. முன்பக்கம் இரண்டு ஓரமும் வயிற்றின் இரண்டு கரையில் நின்றன. சட்டை போட்டுவிட நிற்கிற குழந்தைபோல இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"இது ஒங்களுக்குச் சின்னதா இருக்கே" என்றார் சின்ன மொதலாளி.

"போன வருசம் மெலிவு" என்றார் நானா.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். திரைக்குப் பின்னால் இருக்கிற குரல் ஒன்று உண்டு. அது நானாவின் ஒரு பொய்யையும் விட்டதில்லை. அது வந்தது.

"எத்தன தரம் சென்னேன், அந்தக் கோட்டப் போட்டுக்கொண்டு போக வாணாம்னு! கேட்டாரா இந்த மனிசன்? ஊர்க் கடையெல்லாம் சாத்த வெச்சிட்டு வந்து நிண்டாரு!"

நானா திரையைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். கல்யாணமான நாள் தொட்டு அவர் கதை ஒன்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாட்சி வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"எனக்கு நல்ல ஞாபகம்" என்றார் சுருட்டுக்காரர், சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டே. "அப்ப நானா நல்ல ஒல்லி. இப்பவும் கோட்டு வடிவாத்தான் கிடக்கு."

இப்படிச் சொல்லிவிட்டுக் காலடியில் கிடந்த தம் குடையை மேசைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினார். அதன் பிடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. போன வருஷமே பார்த்த துணிதான். அன்றைக்குத்தான் என் கண் திறந்தது. குடைக் கதைக்கு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தவர்தான் அந்தக் குடை மனிதர் என்பதும் தெரிந்தது.

மறுநாள் சின்ன மொதலாளி கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். கலஹாவில் ஒரு குறையும் அகப்படவில்லை. கடைக்காரர் எனக்குத் தேத்தண்ணி கொடுத்து, கருவாட்டைப் பற்றி மறுபடி அழுதார். "அந்த ஆபீசரு யாருன்னு தெரியும், கண்டியில ஒரு வீட்டுக்காரரு" என்று சின்ன மொதலாளி சொல்ல, கடைக்காரர், "யாரு, அந்த மாடியில ஆள் வைக்கிற நானாவா? அவர் பஸ்லயே ஏறமாட்டாரே!" என்று சிரித்துவிட்டார். கடைக்காரர் முன்னால் ஏமாந்தவராக நிற்க விரும்பாமல் சின்ன மொதலாளியும் சிரித்துவைத்தார். அதோடு அந்தப் பேச்சு போனது.

அதற்கு மறுநாள் கம்பளை. அங்கே ஒரு பெரிய வியாபாரி. நாங்கள் அதுவரை நுழையாத இடம். சின்ன மொதலாளி, தாமே பேசுவதாகச் சொல்லி என்னைப் பின்னால் உட்காரவைத்தார். மரியாதையாக வெறும் தேத்தண்ணி வந்தது. கூடவே ஒரு தட்டில் கித்துல் மரத்துக் கருப்பட்டித் துண்டுகள். அந்தப் பக்கத்தில் சீனி போடாத தேத்தண்ணியைக் கையிலிருக்கிற கருப்பட்டியைக் கடித்துக் கடித்துத்தான் குடிப்பார்கள். சின்ன மொதலாளி ஒரு துண்டை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். நகத்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டி நாக்கில் வைத்தார். வியாபாரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரக்கு சுமார்தான்" என்றார் சின்ன மொதலாளி. "மணலு இருக்கு. மணங்கு என்ன வெலைக்குப் போடுவீங்க?"

அது அந்த வியாபாரியின் மாமியார் வீட்டிலிருந்து வந்த கருப்பட்டி. அவர் தட்டை எடுத்து உள்ளே கொடுத்துவிட்டு, தமக்கு வெளியே வேலை இருப்பதாகச் சொன்னார். எங்கள் பெட்டி திறக்கப்படவே இல்லை.

திரும்பும்போது சின்ன மொதலாளி வழியெல்லாம் மகாவலி ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். "மதுரையில இது யாருக்கும் தெரிய வேணாம்" என்றார், கண்டி நெருங்கும்போது. நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் மேலே வரவில்லை. மாடிப்படியின் அடியில் நானாவை நிறுத்திக் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்.

நாங்கள் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின மாலையில், திருச்சியிலிருந்து ஒரு புதியவர் வந்து சேர்ந்தார். பித்தளைப் பாத்திர வியாபாரம். நாளைக்குக் கம்பளைக்குப் போகிறாராம். மழை பெய்துகொண்டிருந்தது. நானா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றி, கருப்பட்டித் தட்டை முன்னால் நகர்த்தினார்.

"ஒரு மனிசன் ஈந்தாரு" என்றார்.

கருப்பட்டியை வெளிச்சத்தில் பிடித்த இடத்துக்குக்கூட நானா வரவில்லை. அதற்குள் மேசையைத் தட்டிச் சிரிக்கத் தொடங்கிவிட்டார் சின்ன மொதலாளி. சுருட்டுக்காரர் அவருக்கு ஒரு சுருட்டை நீட்டினார்.